வேட்பாளரிடம் மருத்துவம் கேட்டவர்கள்

1991 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் இடைத்தேர்தல் வந்தது. செனட்டர் ஜான் ஹெயின்ஸ் விமான விபத்தில் இறந்துபோனதால் காலியான இடம் அது. ஒரு பக்கம் டிக் தார்ன்பர்க். இரண்டு முறை அந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். அமெரிக்காவில் ஆளுநர் என்றால் நம் ஊர் முதலமைச்சருக்குச் சமம். மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல் பதவியை விட்டுவிட்டுப் போட்டியிட வந்திருந்தார். எதிரே ஹாரிஸ் வோஃபர்ட். 1949-இல் இந்தியா வந்து காந்தியின் வழியைப் படித்துக்கொண்டு போய், மனைவியோடு சேர்ந்து 1951-இல் இந்தியாவைப் பற்றி ஒரு நூலும் எழுதியவர். நல்ல மனிதர், ஆனால் வாக்காளர்களுக்கு அதிகம் முகம் தெரியாதவர். கருத்துக்கணிப்புகளில் 40 புள்ளிகளுக்கு மேல் பின்தங்கிக் கிடந்தார். அவர் கையில் எடுத்தது ஒரே விஷயம்தான். குற்றம் செய்தவனுக்கு வக்கீல் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் உரிமை இருக்கிறதே, உழைத்துச் சாப்பிடுகிறவனுக்கு நோய் வந்தால் டாக்டரைப் பார்க்க உரிமை வேண்டாமா? 55 விழுக்காடு வாக்குகளோடு ஜெயித்துவிட்டார்.

அந்த ஒரு முடிவு வாஷிங்டனை உலுக்கியது. அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் நின்ற அத்தனை பேரும் மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேசினார்கள். வோஃபர்ட்டின் தேர்தல் வேலையை நடத்திய ஜேம்ஸ் கார்வில்லைத்தான் பில் கிளிண்டனும் அமர்த்திக்கொண்டார். வென்றும் வந்தார். பிறகு நடந்தது தெரிந்த கதை. 1993-இல் பெரிய திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது; காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம், ஹாரி, லூயிஸ் என்ற கற்பனைத் தம்பதியைச் சமையலறை மேசையில் உட்காரவைத்து, திட்டத்தைப் பற்றிக் கவலைப்படும் விளம்பரங்களைத் தொலைக்காட்சியில் ஓட்டியது; 1994 செப்டம்பரில் திட்டம் வாக்கெடுப்புக்கே வராமல் செத்தது. இரண்டு மாதம் கழித்து வோஃபர்ட்டும் தோற்றார்.

வாக்காளர்களின் கோபம் உண்மையானது. அதைக் காதில் வாங்கிய வேட்பாளர்களும் இருந்தார்கள். ஆனால் தேர்தல் முடிந்த மறுநாள் அந்தக் கோபத்தின் பெயரால் போய்க் கதவைத் தட்ட ஆள் இல்லை. எதிர்த்தரப்புக்கோ அலுவலகம், பணம், விளம்பர நிறுவனம் எல்லாம் இருந்தன. அதன் பிறகு வந்த முப்பது ஆண்டுகளில் அமெரிக்காவின் தேவாலயக் கூட்டமைப்புகளும் தொழிற்சங்கங்களும் ஊர்க் குழுக்களும் இந்தக் குறையைச் சரிசெய்யப் பல வழிகளில் முயன்றிருக்கின்றன. வேட்பாளரை மேடையேற்றிக் கேள்வி கேட்பது எல்லா வழிகளுக்கும் பொது. பலன் மட்டும் ஒரே மாதிரி இல்லை. ஏன் என்று பார்த்தால், மேடையில் என்ன பதில் வந்தது என்பதைவிட, அந்தப் பதில் வந்த நாளில் குழுவின் கையில் வேறு என்ன இருந்தது என்பதே முடிவைத் தீர்மானித்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

மேடையேற்றும் கலைக்கு அமெரிக்காவில் ஒரு பரம்பரை உண்டு. சால் அலின்ஸ்கி 1940-இல் சிகாகோவில் தொடங்கிய தொழிற்பகுதி அறக்கட்டளையின் வழிவந்த அமைப்புகள் நாடு முழுக்க இருக்கின்றன. இவர்கள் நடத்தும் வேட்பாளர் கூட்டம் நாம் பார்த்துப் பழகிய கூட்டம் மாதிரி இருக்காது. வேட்பாளருக்கு மாலை, பொன்னாடை, ஒரு மணி நேரப் பேச்சு எதுவும் கிடையாது. முதலில் ஒவ்வொரு தேவாலயமாக, யூத ஆலயமாக எழுந்து தன் பக்கத்திலிருந்து எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று சொல்லும். காப்பீடு இல்லாமல் கடனாளியான ஒருவர் தன் கதையைச் சில நிமிடங்களில் சொல்வார். பிறகு கேள்வி: இதைச் செய்வீர்களா, மாட்டீர்களா? ஆம் அல்லது இல்லை. விளக்கம் சொல்லச் சில நிமிடம். நேரம் பார்க்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். மைக் அமைப்பாளர்களின் கையைவிட்டுப் போகாது. பதில் எல்லார் கண் முன்னாலும் எழுதிக்கொள்ளப்படும். மத நிறுவனங்களும் வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளைகளும் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது என்று 1954-இல் வந்த சட்டத்திருத்தம் சொல்கிறது. எனவே எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்வி. ஓட்டு யாருக்கு என்பதைக் கேட்டவர்களே முடிவுசெய்துகொள்வார்கள்.

1998-இல் உருவான பாஸ்டன் பெருநகரச் சர்வமத அமைப்பு இந்த வழியில் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2006-இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சட்டத்தில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி; சட்டமன்றமோ ஜனநாயகக் கட்சியின் கையில். இரண்டும் எப்படி ஒத்துப்போயின? ராம்னிக்கு அதிபர் ஆசை இருந்தது. மாநிலம் சீர்திருத்தம் செய்யாவிட்டால் மத்திய அரசு தரும் 38.5 கோடி டாலர் கைநழுவிவிடும் என்ற நெருக்கடியும் இருந்தது. இவற்றோடு மூன்றாவதாக ஒன்று. அந்த மாநிலத்தில் போதிய கையெழுத்து திரட்டினால் குடிமக்களே ஒரு சட்ட முன்வரைவைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம். சர்வமத அமைப்பும் அதன் கூட்டாளிகளும் 2005 இலையுதிர்காலத்தில் தேவாலய வாசல்களிலும் கடைவீதிகளிலும் நின்று லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கினார்கள். நீங்கள் சட்டம் போடுகிறீர்களா, இல்லை நாங்கள் போடட்டுமா என்று கேட்கும் நிலையில் இருந்தார்கள். தொழில்முதலாளிகளுக்கு, சட்டமன்றம் பேசிக்கொண்டிருந்த மசோதாவைவிட மக்களின் முன்வரைவு கசப்பாக இருந்தது; அதனாலேயே மசோதா அவர்களுக்கு இனித்தது. காப்பீடு தராத நிறுவனம் ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு 295 டாலர் கட்டவேண்டும் என்ற பிரிவை ராம்னி வெட்டினார். சட்டமன்றம் அதைத் திரும்பச் சேர்த்தது.

எனக்கு அந்த அமைப்பின் வேலையில் பிடித்த பகுதி இதற்குப் பிறகு வருவது. எல்லாரும் காப்பீடு எடுத்தாக வேண்டும், கட்டுப்படியாகாதவர்களுக்கு விலக்கு என்றது சட்டம். கட்டுப்படியாவது என்றால் எவ்வளவு? அதை முடிவுசெய்யப் புதிதாக ஒரு வாரியம் அமைத்தார்கள். பொருளாதார நிபுணர்கள் வருமானத்தில் இத்தனை விழுக்காடு என்று பேசிக்கொண்டிருந்தபோது, சர்வமத அமைப்பு தேவாலயக் கூடங்களில் மேசை போட்டது. வந்தவர்கள் தங்கள் குடும்பக் கணக்கைத் தாளில் எழுதினார்கள். வாடகை இவ்வளவு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க இவ்வளவு, மளிகை, பஸ், குழந்தை காப்பகம், பழைய கடன். எல்லாம் போக மாதக் கடைசியில் என்ன மிஞ்சுகிறது? அந்தத் தாள்கள் வாரியத்தின் முன்னால் வைக்கப்பட்டன. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டுமே பிரீமியம் இல்லை என்றிருந்தது. வாரியம் அதை வறுமைக்கோட்டைப் போல ஒன்றரை மடங்கு வருமானம் வரை உயர்த்தியது. இந்தக் கட்டத்தைப் பத்திரிகைகள் பெரிதாக எழுதவில்லை. தேர்தல் முடிந்து, சட்டம் கையெழுத்தாகி, கேமராக்கள் கிளம்பிப் போன பிறகு நடந்த வேலை. பிரீமியம் கட்டவேண்டியவருக்கு உண்மையில் ஏதாவது மாறியது என்றால் அங்கேதான் மாறியது.

அடுத்து 2007. அதிபர் தேர்தலுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தது. மருத்துவமனை ஊழியர்களும் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களும் நிறைந்த சேவைப் பணியாளர் சங்கம், ஓர் ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து மார்ச் 24 அன்று லாஸ் வேகாஸில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களைக் கூட்டியது. பேசுபொருள் மருத்துவம் மட்டும். ஜான் எட்வர்ட்ஸ் பிப்ரவரியிலேயே முழுத் திட்டத்தை வெளியிட்டுவிட்டார். பராக் ஒபாமாவிடம் திட்டம் இல்லை. கூட்டத்தில் ஒருவர் எழுந்து அதைக் கேட்டுவிட்டார். பிரசாரம் தொடங்கிச் சில வாரங்கள்தானே ஆகின்றன என்று ஒபாமா சமாளித்தார், எடுபடவில்லை. மே 29 அன்று அயோவா சிட்டியில் அவருடைய திட்டம் வந்தது. செப்டம்பரில் ஹிலாரி கிளிண்டனுடையது. விரிவான திட்டம் இல்லாதவருக்கு எங்கள் ஆதரவு கிடையாது என்று சங்கம் சொல்லியிருந்தது.

அதோடு இன்னொரு நிபந்தனையும் வைத்தது. எங்கள் உறுப்பினர் ஒருவரோடு ஒரு நாள் வேலை செய்துவிட்டு வாருங்கள் என்றது. ஆகஸ்டில் ஒபாமா கலிபோர்னியாவில் ஒரு வீட்டுப் பராமரிப்புப் பணியாளரோடு போய், ஒரு முதியவரின் வீட்டில் தரை துடைத்தார், படுக்கையைச் சரிசெய்தார். நாடகம்தான், மறுப்பதற்கில்லை, புகைப்படக்காரர்களும் உடன் போனார்கள். ஆனாலும் செனட்டரைத் துடைப்பத்தோடு நிறுத்திய நாடகத்தில் இயக்குநர் நாற்காலியில் இருந்தது சங்கம் என்பது முக்கியம்.

இதே காலத்தில் இன்னொரு பெரிய கூட்டணியும் எழுந்தது. ஓய்வுபெற்றோர் சங்கம், பெருநிறுவனத் தலைவர்களின் மன்றம், இதே சேவைப் பணியாளர் சங்கம், பிறகு சிறுதொழில் முதலாளிகளின் தேசியக் கூட்டமைப்பு. பாதி யானை, பாதி கழுதை உருவத்தில் ஊதா நிறச் சின்னம். இரு கட்சிகளின் சின்னங்களையும் ஒட்டிப் பிறந்த விலங்கு. எல்லாருக்கும் கட்டுப்படியாகும் தரமான மருத்துவம் வேண்டும் என்றார்கள். யார்தான் வேண்டாம் என்பார்கள்? வேட்பாளர்கள் வரிசையில் நின்று ஆமோதித்தார்கள். அந்த ஆமோதிப்பின் மதிப்பு மூன்று ஆண்டில் தெரிந்தது. 2010-இல் ஒபாமாவின் சட்டம் வந்ததும் அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் அந்தச் சிறுதொழில் கூட்டமைப்பும் ஒன்று. உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்த வழக்கு இன்றும் அதன் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. எல்லாரும் கையெழுத்திடக்கூடிய கோரிக்கையால் யாரையும் கட்டிப்போட முடியாது.

2008 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்த் கேர் ஃபார் அமெரிக்கா நவ்’ இதைப் புரிந்துகொண்டிருந்தது. 4 கோடி டாலர் திட்டச் செலவோடு களத்தில் இறங்கியது. தன் கொள்கைகளைத் தாளில் அடித்து, நீங்கள் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு வேட்பாளரிடமும் நீட்டியது. காப்பீட்டு நிறுவனங்களோடு போட்டிபோட அரசே நடத்தும் காப்பீடு ஒன்று வேண்டும் என்பது அதன் உயிரான கோரிக்கை. ஒபாமாவும் காங்கிரஸ் வேட்பாளர்கள் பலரும் ஒப்புக்கொண்டார்கள். 2010 மார்ச் 23 அன்று கையெழுத்தான சட்டத்தில் மெடிக்கெய்ட் என்ற ஏழைகள் காப்பீட்டின் விரிவாக்கம் இருந்தது, காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கடிவாளம் இருந்தது, அரசுக் காப்பீடு மட்டும் இல்லை. செனட்டில் 60 வாக்குகள் வேண்டியிருந்தன. செனட்டர் ஜோ லீபர்மன் மறுத்தார். 2009 டிசம்பரில் அது போயிற்று. வேடிக்கை என்னவென்றால், பிரசாரத்தில் ஒபாமா எதிர்த்த கட்டாயக் காப்பீடு சட்டத்தில் வந்தது, ஆதரித்த அரசுக் காப்பீடு வரவில்லை.

அரசே எல்லாருக்கும் நேரடியாகப் பணம் கட்டும் ஒற்றைக் காப்பீட்டு முறை வேண்டும் என்ற மருத்துவர்களும் செவிலியர்களும் இந்தக் கூட்டணிக்கு வெளியே நின்றார்கள். 2009 மே மாதம் செனட் நிதிக்குழு விசாரணையில் எங்கள் தரப்புக்கு ஏன் நாற்காலி இல்லை என்று எழுந்து கேட்டவர்களைப் போலீஸ் கைதுசெய்தது. அந்த வழியை உண்மையில் சோதித்துப் பார்த்த மாநிலம் ஒன்று உண்டு.

வெர்மான்ட். மக்கள்தொகை ஏழு லட்சத்தைத் தொடாத சின்ன மாநிலம். அங்கே தொழிலாளர் மையம் என்ற அமைப்பு 2008-இல் மருத்துவம் மனித உரிமை என்ற முழக்கத்தோடு புறப்பட்டது. சிவப்புச் சட்டை அணிந்த தொண்டர்கள் உழவர் சந்தைகளில் மேசை போட்டு, போகிறவர் வருகிறவரிடம் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஊர் ஊராக மக்கள் விசாரணை நடத்தி, சட்டமன்ற உறுப்பினர்களை முன்வரிசையில் உட்காரவைத்துக் கேட்கச் செய்தார்கள். 2009 மே தினத்தில் தலைநகர் மான்ட்பீலியரில் ஆயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். அந்த ஊருக்கு அது பெரிய கூட்டம். 2010-இல் ஆளுநர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி உட்தேர்தலில் ஐந்து பேர் மோதினார்கள். ஒற்றைக் காப்பீட்டை முன்னிறுத்திய பீட்டர் ஷம்லின் இருநூறு வாக்கு போல வித்தியாசத்தில் தேறினார், பொதுத்தேர்தலிலும் வென்றார். வாக்குறுதியை மறக்கவில்லை. 2011 மே மாதம் சட்டத்தில் கையெழுத்திட்டார். மசோதா செனட்டில் இருந்தபோது, உரிய ஆவணம் இல்லாத குடியேறிகளை விலக்கும் திருத்தம் ஒன்று நுழைந்தது. எல்லாரும் என்றால் எல்லாரும்தான் என்று கூட்டம் திரண்டு நின்று அதையும் எடுக்கவைத்தார்கள்.

இவ்வளவும் சரி. பணம்? சட்டம் அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்தது. நிதித் திட்டத்தை 2013 ஜனவரிக்குள் ஆளுநர் தரவேண்டும் என்று எழுதியது. ஜனவரி வந்தது, போனது, திட்டம் வரவில்லை. 2014 நவம்பரில் ஷம்லின் மீண்டும் நின்றபோதும் வரவில்லை. அந்தத் தேர்தலில் பாதி வாக்கைக்கூட எட்டாமல், இரண்டாயிரத்துச் சொச்சம் வாக்கு முன்னிலையில் தப்பினார். டிசம்பர் 17 அன்று கணக்கை வெளியிட்டார்: நிறுவனங்களின் சம்பளப் பட்டியல் மீது 11.5 விழுக்காடு வரி, தனிநபர் வருமானத்தின் மீது 9.5 விழுக்காடு வரை. கட்டுப்படியாகாது, கைவிடுகிறேன் என்றார். 2015 ஜனவரியில் அவர் பதவியேற்ற நாளில் சட்டமன்றக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து பாடியவர்களில் 29 பேர் கைதானார்கள்.

துரோகம் என்று தொழிலாளர் மையம் சொன்னது. கோபம் நியாயமானது. ஆனால் அவர்களுடைய வழியிலும் ஓர் ஓட்டை இருந்தது. எந்த மசோதாவின் விவரத்துக்குள்ளும் போகமாட்டோம், ஐந்து கொள்கைகளை மட்டும் பிடித்துக்கொள்வோம் என்பது அவர்கள் முடிவு. மக்களைத் திரட்ட அது அருமையான உத்தி. வரி விகிதத்தைச் சொன்னால் சந்தை மேசையில் பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள். பிரீமியமாகக் கட்டுகிற பணம்தான் வரியாக மாறுகிறது, பலருக்கு அது குறையவும் செய்யும் என்ற கணக்கை மேசையில் உட்கார்ந்து போட்டுக் காட்டியிருந்தால் 2014 டிசம்பரில் அந்த 11.5 என்ற எண் வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருந்திருக்காது. பிறகு அவர்கள் சார்பில் மாற்று நிதித் திட்டம் ஒன்று வரத்தான் செய்தது. அப்போது கேட்க ஆளில்லை. பாஸ்டனில் குடும்பக் கணக்குத் தாளை எழுதவைத்தவர்கள் செய்த வேலை இங்கே நாலு ஆண்டு தாமதமாக நடந்தது.

சிறுதொழில் கூட்டமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் தந்த தீர்ப்புக்கு ஒரு விளைவு உண்டு. மெடிக்கெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று ஆனது. செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்கும் என்றாலும் பல மாநிலங்கள் மறுத்தன. அங்கே வேட்பாளர்களைக் கேட்டுப் பயனில்லை என்று கண்ட குழுக்கள் நேரே வாக்குச்சீட்டுக்குப் போயின. மெய்ன் மாநிலத்தில் ஆளுநர் பால் லெபேஜ் ஐந்து முறை ரத்துசெய்த விரிவாக்கத்தை 2017-இல் 59 விழுக்காட்டினர் ஏற்றார்கள். அவர் அதன் பிறகும் அமல்படுத்தவில்லை. 2019 ஜனவரியில் பதவியேற்ற ஜேனட் மில்ஸ் போட்ட முதல் உத்தரவு அதுதான்.

ஐடஹோ கதை இன்னும் சுவாரசியம். ஆழமான குடியரசுக் கட்சி மாநிலம். ‘ரீக்ளெய்ம் ஐடஹோ’ என்ற தன்னார்வக் குழு பழைய கேரவன் வண்டி ஒன்றுக்குப் பச்சை வண்ணம் அடித்து, மெடிக்கெய்ட் என்று எழுதி, ஊர் ஊராக ஓட்டிப்போனது. 35 தொகுதிகளில் குறைந்தது 18-இல் பதிவான வாக்காளர்களில் 6 விழுக்காட்டினர் கையெழுத்திடவேண்டும். மாநில அளவிலும் அதே 6 விழுக்காடு. வாங்கிவிட்டார்கள். கையெழுத்து சரிபார்க்கப்பட்டதும் காற்று திரும்பியது. அந்த ஆண்டு ஆளுநர் பதவிக்கு நின்ற பிராட் லிட்டில், மக்கள் தீர்ப்பை மதிப்பேன் என்று சொல்லவேண்டி வந்தது. 2018 நவம்பரில் 61 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். லிட்டிலுக்கு ஓட்டுப்போட்டவர்களில் கணிசமானவர்கள் இதற்கும் ஓட்டுப்போடாமல் அந்த எண் வராது.

தோற்ற தரப்பும் சும்மா இருக்கவில்லை. 35 தொகுதிகளிலும் கையெழுத்து வேண்டும் என்று ஐடஹோ சட்டமன்றம் 2021-இல் விதியை மாற்றியது; மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. யூட்டாவில் 2018-இல் மக்கள் ஏற்றதைச் சட்டமன்றம் அடுத்த ஆண்டே சுருக்கியது. சாதாரணச் சட்டமாகப் போட்டால் கைவைப்பார்கள் என்று பார்த்த மிசூரி, ஓக்லஹோமா, தெற்கு டகோட்டா குழுக்கள் அரசமைப்புத் திருத்தமாகவே வாக்குச்சீட்டில் ஏற்றின. தெற்கு டகோட்டா சட்டமன்றம், பெரிய செலவுள்ள திருத்தங்களுக்கு 60 விழுக்காடு வேண்டும் என்ற தடையை 2022 ஜூனில் மக்கள் முன் வைத்துப் பார்த்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம் என்றார்கள். நவம்பரில் மெடிக்கெய்ட் 56 விழுக்காட்டோடு தேறியது. ஜூனில் அந்தத் தடை வென்றிருந்தால் நவம்பரில் மெடிக்கெய்ட் தோற்றிருக்கும்.

இந்தியாவில் குடிமக்கள் கையெழுத்தால் வாக்கெடுப்பு கேட்க வழியில்லை. தேர்தல் அறிக்கை இருக்கிறது. 2000 டிசம்பரில் கொல்கத்தாவில் கூடிய மக்கள் நலவாழ்வுப் பேரவையிலிருந்து பிறந்த ஜன் ஸ்வாஸ்த்ய அபியான், தேர்தல்தோறும் தன் மருத்துவக் கோரிக்கைகளை எழுதிக் கட்சிகளிடம் கொடுத்துவருகிறது. பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொள்வதோடு சரி. ராஜஸ்தான் விதிவிலக்கு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாதிரியில் 2011-இல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கிய மாநிலம் அது. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை மக்களிடம் இருந்தது. 2018 தேர்தல் அறிக்கையில் நலவாழ்வு உரிமைச் சட்டம் என்று காங்கிரஸ் எழுதியது. குழுக்கள் விடாமல் நினைவூட்டின. 2023 மார்ச் 21 அன்று, அடுத்த தேர்தலுக்கு எட்டு மாதம் இருக்கையில், சட்டம் நிறைவேறியது. அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக் கூடாது என்பது அதன் கூர்மையான பிரிவு.

தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இரண்டு வாரம் தனியார் மருத்துவமனைகள் மூடிக்கிடந்தன. ஏப்ரல் 4 அன்று உடன்பாடு வந்தது: 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனைகளும், அரசுச் சலுகை எதுவும் பெறாத தனியார் மருத்துவமனைகளும் சட்டத்தின் கீழ் வராது. கையெழுத்திட்டவர்கள் அரசும் மருத்துவர் சங்கங்களும். சட்டத்துக்காக ஐந்து ஆண்டு அலைந்த குழுக்களின் கையெழுத்து அதில் இல்லை. எது அவசரம், பணத்தை யார் எத்தனை நாளில் திருப்பித் தருவது என்பதெல்லாம் விதிகளில் வரும் என்றார்கள். 2023 டிசம்பரில் ஆட்சி மாறியபோது விதிகள் வகுக்கப்பட்டிருக்கவில்லை. அந்த மாநிலத்தில் இனி ஒரு வேட்பாளரை மேடையேற்றினால் சட்டம் வேண்டுமா என்று கேட்டு நேரத்தை வீணாக்கவேண்டாம், சட்டம் இருக்கிறது. விதிகள் எந்த மாதம் வெளியாகும், திருப்பித் தரும் பணத்துக்கு வரவுசெலவுத் திட்டத்தில் எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்குவீர்கள், அடுத்த முறை மருத்துவர் சங்கங்களோடு பேச உட்காரும்போது எங்களுக்கு நாற்காலி உண்டா என்ற மூன்றுக்கும் பதில் வாங்கி எழுதிக்கொள்ளவேண்டும்.